அதே கோழி, அதே எச்சம்... மண்ணுக்கு மண் கணக்கு வேற!

'ஒரு ஏக்கர் மேய்ச்சல் நிலத்துல எத்தனை முட்டைக்கோழி விட்டா யூரியா வாங்க வேண்டியதில்லை?'

வாசகர் ஒருவர் கேட்ட கேள்வி இது. நாலு வரியில் பதில் எழுதி முடித்துவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். எழுத முடியவில்லை. அக்கா வீட்டுச் செவலை மாடு ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அக்காவுக்குக் காங்கேயம் பக்கம் மானாவாரி நிலம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், தீவனச் சோளம் விதைக்க ஒதுக்கிய அரை ஏக்கரில் ஒரு டிராக்டர் லோடு கோழி எருவை இறக்கி இறைத்தார்கள். 'எரு எவ்வளவு போட்டாலும் மண்ணுக்கு நல்லதுதானே' என்று நானும் தலையாட்டினேன். விதைத்த பிறகு மழை ஏமாற்றியது. பயிர் வாடி நின்றது. ஒருநாள் சிறு தூறல் விழுந்ததும் கருகரு என்று பச்சை கட்டியது. மூன்றாம் நாள் அறுத்துப் போட்டார்கள். சாயங்காலம் மாடு மூச்சு வாங்கி, தள்ளாடி, படுத்துவிட்டது. ஏழு மாசச் சினை. மருத்துவர் வருவதற்குள் எல்லாம் முடிந்துபோனது. ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருந்ததைப் பார்த்தவர், "நைட்ரேட் விஷம். என்ன எரு போட்டீங்க?" என்றுதான் முதலில் கேட்டார்.

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. வாசகருக்காவது ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும் என்று, புரட்டாசி பிறந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். நாமக்கல், காங்கேயம், நீலகிரி என்று மூன்று ஊர், மூன்று மண்.

நாமக்கல்: கணக்கு தொடங்கும் இடம்

நாமக்கல் பேருந்து நிலையத்தில் இறங்கி நிமிர்ந்தால் ஒற்றைப் பாறையும் மேலே கோட்டையும் தெரியும். ஊரைத் தாண்டி பத்து நிமிஷம் போனால் போதும், சாலையின் இரண்டு பக்கமும் நீள நீளமான கோழிப்பண்ணைகள். எதிரே மக்காச்சோள லாரிகள் வந்தபடி இருக்கின்றன. நம் வீட்டு முட்டையில் பெரும்பங்கு இங்கிருந்து வருவதுதான்.

தெரிந்தவர் மூலமாக ஒரு பண்ணைக்குள் போனேன். தரையிலிருந்து உயரத்தில் வரிசையாகக் கூண்டுகள். கீழே மாதக்கணக்கில் சேர்ந்த எச்சம் கரை கட்டியதுபோல நீண்டு கிடந்தது. மேற்பார்வையாளரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "ஒரு கோழி ஒரு நாளைக்கு என்ன தின்னுது, என்ன குடுக்குது?"

"110 கிராம் தீவனம் தின்னும் சார். அதுல புரதம் 17 சதவிகிதம். நூறு கோழிக்கு 85, 90 முட்டை."

இது போதும். நோட்டை எடுத்துக் கணக்குப் போடலாம். 110 கிராம் தீவனத்தில் சுமார் 19 கிராம் புரதம். புரதத்தை 6.25 ஆல் வகுத்தால் தழைச்சத்து வரும். அதாவது ஒரு நாளைக்கு 3 கிராம் தழைச்சத்து கோழியின் வயிற்றுக்குள் போகிறது. ஒரு முட்டையில் புரதம் 6.5 கிராம் அளவு இருக்கும். அது வழியாகச் சுமார் 1 கிராம் வெளியே போகிறது. மீதி 2 கிராம்? எச்சம்தான். வருஷத்துக்கு 730 கிராம். நூறு கோழிக்கு 73 கிலோ.

45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 20.7 கிலோ. ஆக, நூறு கோழி வருஷத்துக்கு மூன்றரை மூட்டை யூரியாவுக்குச் சமமான தழைச்சத்தைப் போடுகிறது. பத்தாயிரம் கோழி உள்ள பண்ணையில் 350 மூட்டை!

ஆனால், அவ்வளவும் எருவாக வெளியே போவதில்லை. நான் நின்ற இடத்தில் கண் எரிந்தது. "நிப்பிள் ஒழுகினா எரு கூழாயிடும் சார். அன்னைக்கு நெடி தாங்காது" என்றார் மேற்பார்வையாளர். அந்த நெடிதான் அம்மோனியா. கோழி எச்சத்தில் உள்ள வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம். ஈரமும் சூடும் பட்டால் அது உடைந்து அம்மோனியாவாகிக் காற்றில் பறக்கும். குவியலில் மாதக்கணக்கில் கிடந்தால், இட்ட தழைச்சத்தில் பாதிகூடப் போய்விடும். கண் எரிந்தால் யூரியா மூட்டை பறக்கிறது என்று அர்த்தம்.

இங்கே இன்னொரு விஷயமும் பிடிபட்டது. இந்தத் தழைச்சத்தைக் கோழி உண்டாக்கவில்லை. கர்நாடகத்து மக்காச்சோளத்திலும், மத்தியப் பிரதேச, மகாராஷ்டிர சோயாவிலும் இருந்தது, தீவனமாகி, கோழி வழியாக நாமக்கல் மண்ணில் இறங்குகிறது. நம் காட்டில் மேயும் கோழிக்கும் இதுவேதான். வெளியிலிருந்து வாங்கிப் போடும் தீவனத்தில் உள்ளதுதான் நிலத்துக்குப் புதுத் தழைச்சத்து. காட்டிலிருக்கும் புழுவையும் புல்லையும் மட்டும் தின்று வளரும் நாட்டுக்கோழி, இங்கே இருப்பதை அங்கே மாற்றிப் போடுகிறது, அவ்வளவுதான்.

ஐரோப்பாக்காரர்கள் இதற்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். குடிநீரில் நைட்ரேட் ஏறுகிறது என்று 1991-ல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் போட்டது. அதன்படி, பாதிப்புள்ள பகுதிகளில் கால்நடை எரு வழியாக ஹெக்டேருக்கு வருஷம் 170 கிலோ தழைச்சத்துக்கு மேல் போடக் கூடாது. இயற்கை விவசாயத்துக்கான அவர்களுடைய விதியில் இதையே கோழிக் கணக்காகவும் எழுதிவைத்தார்கள்: ஹெக்டேருக்கு 230 முட்டைக்கோழி. நம் கணக்கில் ஏக்கருக்கு 93. கோழிக்கு 740 கிராம் என்று வருகிறது, பண்ணையில் நாம் போட்ட கணக்கும் ஏறக்குறைய அதுதான். கோழி எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான். மாறுவது மண்.

அப்படியானால் ஏக்கருக்கு 93 என்று வாசகருக்கு எழுதிவிடலாமா? அவசரப்பட வேண்டாம்.

பண்ணைக்குப் பக்கத்துக் காட்டில் நாலு கறவை மாடு வைத்திருக்கும் ஒருவரைப் பார்த்தேன். போர் தண்ணீரில் கம்பு நேப்பியர் போட்டிருக்கிறார். கோழி எருவை வாங்கி, காயவைத்து, ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறார். முதல் அறுப்பு 75 நாளில், அடுத்தடுத்து 45 நாளைக்கு ஒருமுறை. அவர் காட்டில் ஏக்கருக்கு வருஷம் 60 டன் பச்சைப்புல் வருகிறது என்றார். காய்ந்த கணக்கில் அது சுமார் 12 டன். புல்லில் 9 சதவிகிதம் புரதம் என்று வைத்தால், அந்தப் புல்லோடு 170 கிலோ தழைச்சத்து மண்ணிலிருந்து வெளியேறுகிறது. அவர் நிலத்துக்கு 93 கோழியின் எரு போதாது. "எவ்வளவு போட்டாலும் புல்லு வாங்கிக்குதுங்க" என்று அவர் சொன்னது அவருடைய தண்ணீருக்குச் சரி. அந்த வார்த்தையை நம்பித்தான் அக்கா வீட்டில் மாடு போனது.

காங்கேயம்: கொறங்காட்டில் கோழிக்கிடை

பரமத்தி வேலூரில் காவிரியைத் தாண்டி, கரூர், வெள்ளகோவில் வழியாகக் காங்கேயம் போகும்போதே மண்ணின் நிறம் மாறிவிடுகிறது. கிளுவை வேலி சுற்றிய கொறங்காடுகள், நடுவே குடை பிடித்த வெள்வேல மரங்கள், தரையில் காய்ந்த கொழுக்கட்டைப்புல். ஆண்டு மழை 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். மாட்டையும் ஆட்டையும் மாற்றி மாற்றி மேயவிட்டு, புல்லுக்கு ஓய்வு கொடுத்துக் காப்பாற்றி வந்த நிலம் இது.

இங்கே ஒரு பெரியவர் நாற்பது முட்டைக்கோழி வைத்திருக்கிறார். ஆறடிக்கு எட்டடியில் மூங்கிலும் வலையும் கொண்டு ஒரு கூடு. அடியில் பழைய சைக்கிள் சக்கரம். பகலில் கோழிகள் கொறங்காட்டில் மேய்கின்றன, ராத்திரி கூட்டுக்குள் அடைகின்றன. விடிந்ததும் கூட்டைத் தன் அகலத்துக்கு நகர்த்திவிடுகிறார்.

"ஆட்டுப்பட்டி போடற மாதிரிதான் தம்பி. பட்டிய ஒரே எடத்துல விட்டா மண்ணு புண்ணாயிரும். கோழிக்கு மட்டும் வேற நாயமா?"

எத்தனை நாளைக்கு ஒருமுறை நகர்த்த வேண்டும்? அவர் அனுபவத்தில் சொன்னார், 'தெனமும்.' நான் கணக்கில் பார்த்தேன். ஒரு கோழியின் 2 கிராமில் பாதி ராத்திரி கூட்டில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாற்பது கோழிக்கு 40 கிராம். 48 சதுர அடியில் 40 கிராம் என்பது ஏக்கர் கணக்கில் 36 கிலோ. ஒரே ராத்திரியில்! இரண்டு ராத்திரி கூடு ஒரே இடத்தில் நின்றால், ஐரோப்பாக்காரர் ஒரு வருஷத்துக்கு வைத்த வரம்பு அந்த 48 சதுர அடிக்கு முடிந்துவிடும். ஒரு மாசம் நின்றால்? பதினைந்து வருஷத்துச் சத்து ஓரிடத்தில்.

நகராத கோழிக்கொட்டகைகளைப் பாருங்கள். வாசலைச் சுற்றி இருபதடிக்குப் புல் இல்லாத வழுக்கைத் தரை, அதை ஒட்டி மாடு வாய் வைக்காத கரும்பச்சை வளையம், அதற்கும் அப்பால் பசியோடு கிடக்கும் மஞ்சள் புல். ஏக்கருக்கு இத்தனை கோழி என்று சொல்லும்போது கோழி ஏக்கர் முழுக்கச் சமமாகப் பரவி எச்சமிடும் என்று நினைத்துக்கொள்கிறோம். கோழி அப்படிச் செய்யாது. கொட்டகையையும் நிழலையும் சுற்றியேதான் நிற்கும். 48 சதுர அடிக் கூட்டைத் தினம் நகர்த்தினாலும் ஓர் ஏக்கரைச் சுற்றி முடிக்க 900 ராத்திரி ஆகும், அதாவது இரண்டரை வருஷம்.

இந்த மண்ணுக்கு எவ்வளவு தழைச்சத்து தேவை? ஓர் ஏக்கர் மானாவாரிப் புல் வருஷத்துக்கு ஒரு டன் காய்ந்த புல் கொடுத்தால், 8 சதவிகிதப் புரதம் என்ற கணக்கில் 13 கிலோ தழைச்சத்துதான் எடுக்கிறது. நாமக்கல் நேப்பியர் எடுத்ததில் பதின்மூன்றில் ஒரு பங்கு. மாடு அங்கேயே மேய்ந்தால் அதிலும் பெரும்பகுதி சாணமாகவும் மூத்திரமாகவும் திரும்பி வந்துவிடும். மழை எவ்வளவோ அவ்வளவுதான் புல், புல் எவ்வளவோ அவ்வளவுதான் சத்து. மிச்சம் மண்ணில் நைட்ரேட்டாகக் காத்திருக்கும். வறட்சியில் வாடிய பயிர் முதல் தூறலில் அதை வேகமாக உறிஞ்சித் தண்டில் தேக்கிவைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் அறுத்துப் போட்டால், அக்கா வீட்டில் நடந்ததுதான் நடக்கும்.

இங்கே மண்ணிலேயே சுக்கான் கல் உண்டு, சுண்ணாம்பு அதிகம். முட்டை ஓட்டுக்காக லேயர் தீவனத்தில் சேர்க்கும் சுண்ணாம்பும் எச்சத்தில் வருகிறது. சுண்ணாம்பு மண்ணின் மேல் கிடக்கும் எச்சத்திலிருந்து அம்மோனியா இன்னும் எளிதாகப் பறக்கும். அதனால் பெரியவர் கூட்டை நகர்த்தியதும், கிடந்த இடத்தை முள்வாரியால் லேசாகக் கீறி மண்ணோடு சேர்த்துவிடுகிறார். மாட்டை அந்த இடத்தில் மூன்று வாரத்துக்கு விடுவதில்லை.

நீலகிரி: மழை கொண்டுபோகும் பங்கு

மேட்டுப்பாளையத்தில் வேர்த்துக்கொண்டு ஏறியவன், கோத்தகிரி தாண்டும்போது துண்டைப் போர்த்திக்கொண்டேன். ஊட்டிக்குப் போகும் வழியில் ஒரு சரிவில் கேரட் படிக்கட்டுகள், ஓரங்களில் மாட்டுக்குக் கிக்குயு புல். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்கு முன்னால் ஏறிய லாரியில் இருந்தது சமவெளியின் கோழி எரு மூட்டைகள்தான். வாசம் சொல்லிவிட்டது.

"எங்க மண்ணு புளிச்ச மண்ணு அண்ணா" என்றார் அந்தத் தோட்டத்துக்காரர். அவர் சொன்னது அமில மண்ணை. காங்கேயத்தில் சுமையாக இருந்த சுண்ணாம்பு இங்கே மருந்து. குளிரும் அமிலமும் சேர்ந்து அம்மோனியாவையும் அவ்வளவாகப் பறக்கவிடுவதில்லை. மூக்குக்கு அருகே எருவை வைத்துப் பார்த்தாலும் நாமக்கல்லில் அடித்த நெடி இல்லை.

அப்படியானால் இங்கே சேதமே இல்லையா? இருக்கிறது. அவர் தன் கோழிக்கொட்டகையை முதலில் சரிவின் தலையில் கட்டியிருந்தார். ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை. இரண்டிலும் எச்சம் கரைந்து கீழே இருக்கும் ஓடைக்குப் போனது. "கோழிக்குத் தீவனம் நான் போட்டேன், புல்லு கீழ்த்தோட்டக்காரருக்கு வளர்ந்துச்சு" என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "கீழ ஊருக்குக் குடிதண்ணியும் அந்த ஓடைதான்."

இப்போது கொட்டகை சமதளத்துக்கு வந்துவிட்டது. ஓடைக்கு முன்னால் முப்பதடிக்கு எரு படாத புல் கரை. மழை மாதங்களில் எருவைக் கூரைக்கடியில் மூடிவைக்கிறார், மழை ஓய்ந்து புல் தளிர்க்கும்போதுதான் வெளியே எடுக்கிறார். குளிரில் எரு மெதுவாகத்தான் மட்கும் என்பதால், 'போன வாரம் போட்டோமே, புல்லு எழும்பலையே' என்று மறுபடியும் போடுவதில்லை.

நாமக்கல்லில் காற்று தின்கிறது, நீலகிரியில் மழை தின்கிறது, காங்கேயத்தில் யாரும் தின்னாமல் மண்ணில் விஷமாகக் காத்திருக்கிறது. மூன்று இடத்திலும் கோழி போட்டது என்னவோ அதே 2 கிராம்தான்.

அக்கா வீட்டுத் திண்ணையில்

திரும்பும் வழியில் அக்கா வீட்டில் தங்கினேன். தொழுவத்தில் இப்போது ஒரு மயிலைக் கிடாரி நிற்கிறது. நோட்டை எடுத்துக் கணக்கைச் சொன்னேன். அன்றைக்கு நாம் இறக்கிய லோடு மூன்று டன். பாதி காய்ந்த எரு, 2 சதவிகிதம் என்று வைத்தாலும் 60 கிலோ தழைச்சத்து. அரை ஏக்கருக்கு. மழையில்லாத அரை ஏக்கருக்கு.

அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "ஏங் கண்ணு, எருவுன்னா நல்லதுன்னு தான போட்டோம்?"

"நல்லதுதான்க்கா. அளவு தெரியாம போட்டோம்."

"அப்ப அளவ எழுது. எல்லாருக்கும் வெளங்கற மாதிரி எழுது."

எழுதிவிட்டேன்.

வாசகர் கேள்விக்கு நேரடி பதில்

கேள்வி: ஒரு ஏக்கர் மேய்ச்சல் நிலத்துக்கு எத்தனை முட்டைக்கோழி?

பதில்: முதலில் கோழியை எண்ணாதீர்கள், புல்லை எண்ணுங்கள். ஒரு டன் காய்ந்த புல் சுமார் 13 கிலோ தழைச்சத்து எடுக்கும். அது 18 கோழியின் ஒரு வருஷ எச்சம். ஆகவே முழுத்தீவனம் தின்னும் முட்டைக்கோழியாக இருந்தால்:

* மானாவாரி மேய்ச்சல் நிலம், ஏக்கருக்கு ஒரு டன் காய்ந்த புல் என்றால், 20 கோழிக்கு மேல் வேண்டாம். கூடுதலாகக் கோழி வைத்திருந்தால் அந்த அளவுக்குக் கூடுதல் நிலத்தில் கூட்டை நகர்த்துங்கள்.
* மழை நன்றாகக் கிடைக்கும் மலைச்சரிவு என்றாலும் 93 என்பதை உச்ச வரம்பாக வையுங்கள். மழை மாதத்தில் எரு வெளியில் இருக்கக் கூடாது.
* தண்ணீர் பாய்ச்சி அடிக்கடி அறுக்கும் தீவனப்புல் இன்னும் அதிகம் தாங்கும். அறுப்புக்கு அறுப்பு பிரித்து, காய்ந்த எருவாக வையுங்கள். நன்கு காய்ந்த கோழி எரு ஒரு டன்னில் 30 கிலோ தழைச்சத்து, 26 கிலோ மணிச்சத்து, 14 கிலோ சாம்பல்சத்து இருக்கும். தொழு உரத்தில் தழைச்சத்து 5 கிலோதான். தொழு உரம் போடும் கையளவில் கோழி எருவைப் போட்டால் ஆறு மடங்கு போட்டதாக அர்த்தம்.

கேள்வி கேட்காவிட்டாலும் சொல்லியாக வேண்டியவை:

* கூடு நகர வேண்டும். ஆட்டுக்கிடைக்கு உள்ள நியாயம்தான் கோழிக்கும்.
* கோழி எரு போட்ட சோளம், கம்பு, தீவனப்புல் வறட்சியில் வாடி, பிறகு மழை கண்டால், ஒரு வாரம் பத்து நாள் பொறுத்து அறுங்கள். அடித்தண்டில்தான் நைட்ரேட் அதிகம், கொஞ்சம் உயர்த்தி அறுங்கள். காயவைத்தால் நைட்ரேட் போகாது. பசியோடு இருக்கும் மாட்டுக்கு அதை மட்டும் போடாதீர்கள், வைக்கோலும் சேர்த்துப் போடுங்கள்.
* மாடு மூச்சு வாங்கித் தள்ளாடினால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டு, 'கோழி எரு போட்ட தீவனம் தின்றது' என்று சொல்லுங்கள். நேரத்தில் மெத்திலின் ப்ளூ ஊசி போட்டால் பிழைக்க வழியுண்டு.
* எருவில் செத்த கோழி கிடந்தால் அந்த எரு மேய்ச்சல் நிலத்துக்கு ஆகாது. மாட்டுக்கு உயிரைப் பறிக்கும் பொட்டுலிசம் நோய் அதிலிருந்து வரும்.
* எருக்குவியலுக்குப் பக்கத்தில் குடிநீர்க் கிணறு இருந்தால் தண்ணீரைப் பரிசோதியுங்கள். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் தாண்டக் கூடாது. கொதிக்கவைத்தால் குறையாது, கூடத்தான் செய்யும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தை உள்ள வீடென்றால் இதைத் தள்ளிப்போடவே வேண்டாம்.